மாப்பிள்ளை ஊர்வலமும் சுருள மறுத்த பாயும்

நான் ஓய்வு பெற்றது போன வருடம்தான். ஆனால் பட்டறையில் இருக்கும் இளையவர்கள் என்னிடம் கதைக்கும்போது, "உங்கட காலத்தில இதை என்னெண்டு செய்தனீங்கள், தவம் அண்ணை?" என்று கேட்கிறார்கள். ஏதோ நான் ஒல்லாந்தருக்குக் கோட்டை கட்டக் கல் சுமந்துவிட்டு வந்தவன் மாதிரி.

அண்மையில் அவர்களுக்கு ஒரு புதுச் சாமான் வந்திருக்கிறது. பாய்ப்படகின் முன்பாயை மின்சாரத்தில் சுருட்டும் கருவி. ஒரு பொத்தானை அழுத்தினால் பாய் விரியும். மற்றதை அழுத்தினால் சுருளும். "இனிக் கயிறும் இல்லை, கரைச்சலும் இல்லை" என்று படம் பிடித்து அனுப்பினார்கள். அடுத்த நாளே போன் வந்தது. பொத்தானை அழுத்தினால் கிணற்றுப் பம்பு மாதிரி முனகுகிறதாம், பாய் அசையவில்லையாம்.

"பொத்தானில இருந்து கையை எடுங்கோ. எடுத்துப்போட்டு அண்ணாந்து பாருங்கோ" என்றேன்.

"அண்ணாந்து பாத்தால் வேலை செய்யுமோ அண்ணை?"

அதற்குப் பதில் சொல்வதென்றால் ஒரு கலியாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போனில் சொல்லி முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் என் வேலை என்னவென்று விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் என் மாமியாருக்கே அது கடைசிவரை விளங்கவில்லை. பெண் கேட்டுப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். "பாய் சுருட்டிற சாமான் திருத்திறவர்" என்றார் என் அண்ணன். "படுத்து எழும்பினால் பாயைச் சுருட்டத்தானே வேணும். அதுக்கும் ஒரு ஆளோ?" என்றார் மாமியார். கலியாணத்துக்குப் பிறகும் பலமுறை விளங்கப்படுத்திப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மருமகன் துறைமுகத்தில படுக்கை எடுத்து வைக்கிறார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

படகுப் பாய் வேறு. பாய்மர உச்சியிலிருந்து படகின் மூக்குவரை ஒரு தடித்த கம்பி சாய்வாக இறங்கும். அந்தக் கம்பிக்குமேல் ஓர் அலுமினியக் குழாய். முன்பாயின் ஓரம் அந்தக் குழாயில் செருகியிருக்கும். அடியில் நூற்கட்டை மாதிரி ஓர் உருளை. அதில் ஒரு கயிறு சுற்றியிருக்கும். கயிற்றை இழுத்தால் உருளை சுற்றும், குழாய் சுற்றும், பாய் குழாயில் சுருண்டுகொள்ளும். உச்சியில் ஒரு சுழலி இருக்கிறது. அதன் கீழ்ப்பாதி பாயோடு சேர்ந்து சுற்ற வேண்டும். மேல்பாதி, பாயைத் தூக்கிப் பிடித்திருக்கும் கயிற்றோடு, சுற்றாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் தத்துவம்: ஒரு பாதி ஓடியாடித் திரிய, மறுபாதி சும்மா இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மனைவியும் நானும் மாதிரி.

நான் சல்லிக் கடற்கரையில் வளர்ந்தவன். படகு எஞ்சின் திருத்தப் பழகிக்கொண்டு, உள்துறைமுகக் கரையில் இருந்த அந்தப் பட்டறைக்குப் போனேன். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் உருளைக்குள் விரலைக் கொடுத்தேன். இரண்டாம் வருடம் கொடுக்கவில்லை. பிறகு வேலையை நிரந்தரமாக்கினார்கள்.

என் மேலதிகாரி நஸ்ரின் மிஸ். கிண்ணியாக்காரி, பொறியியல் படித்தவர், என்னைவிட நன்றாக வயது குறைந்தவர். மற்றவர்கள் சங்கிலி போடுவதுபோல அவர் கழுத்தில் எப்போதும் ஒரு தொலைநோக்கி தொங்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "பிழை" என்ற சொல்லையும் அவர் வாயால் கேட்டதில்லை. யாராவது பிழை விட்டால் அவர் சொல்லும் சொல் "சந்தோசம்". சின்னப் பிழைக்கு வெறும் சந்தோசம். "நல்ல சந்தோசம்" என்றால் அன்றைக்கு மத்தியானம் ஒருவரும் சாப்பிடப் போகமுடியாது. "மிச்சம் சந்தோசம்" என்றால் ஆட்கள் தாங்களாகவே போய் ஒளிந்துகொள்வார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் படகைக் கல்லில் ஏற்றிவிட்டு வந்து நின்றபோது மிஸ் அந்தச் சொல்லையே ஆங்கிலத்தில் சொல்ல, அந்த மனிதன் நெகிழ்ந்துபோய் அவருக்குக் கைகொடுத்தான்.

மிஸ்ஸிடம் ஒரு விதி இருந்தது. முதலில் கண், பிறகு கை, விஞ்ச் ஒருபோதும் இல்லை. விஞ்ச் என்பது கைபிடி போட்டுச் சுற்றும் இரும்பு உருளை. அதில் கயிற்றைப் போட்டுவிட்டால் நோஞ்சானும் பயில்வானாகிவிடுவான்.

"கையால இழுக்கேலாத பாயை விஞ்சால இழுக்கிறது, திறபடாத கதவை பஸ்ஸால இடிக்கிற மாதிரி, தவம் அண்ணன்" என்பார். "பஸ் போயிரும். வீடு இரிக்காது."

எண்ணெய் விடயத்திலும் அவர் அப்படித்தான். ஒருமுறை வெளிநாட்டுக் கணவனும் மனைவியும் தங்கள் படகை எங்கள் இறங்குதுறையில், ஒரு மாமரத்தின் கீழே கட்டியிருந்தார்கள். அவர்களுடைய உருளை இறுகிப்போயிருந்தது. உள்ளே உப்புப் படிந்திருந்தது, வேறொன்றுமில்லை. ஆனால் சந்தையில் யாரோ ஒரு நல்லவர், தேங்காய் எண்ணெய் எல்லா நோய்க்கும் நல்லது என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் ஒரு போத்தலை அப்படியே உருளைக்குள் ஊற்றி, மிச்சத்தைத் தலைக்கும் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் மாமரத்து முசுறு எறும்புகள் எல்லாம் கயிறு வழியாக இறங்கி வந்து பாய்ச்சுருளுக்குள் குடியேறிவிட்டன. எனக்கு இது தெரியாது. நான் போய்க் கயிற்றை இழுத்துப் பாயை விரித்தேன். பாய் விரிந்தது, முசுறு கொட்டியது. முதலில் கணவன் கடலுக்குள் பாய்ந்தான். பிறகு மனைவி. எண்ணெய் வைத்த தலைகள் ஆனபடியால் எறும்புகள் அவர்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே போயின. மூன்றாவதாக நான் சப்பாத்தோடு பாய்ந்தேன்.

மிஸ் கரையில் நின்று மூன்று தலைகளையும் பார்த்தார். "நல்ல சந்தோசம்" என்றார். பிறகு குழாயைத் திருப்பி உருளையின் மேலே நல்ல தண்ணீரை அடித்தார். எண்ணெய் போனது, எறும்பு போனது, உப்புக் கரைந்தது. ஒரு விரலால் தள்ளினார், உருளை சுற்றியது. "நல்ல தண்ணி. எண்ணெய் இல்ல, கிரீஸ் இல்ல. நல்ல தண்ணி" என்று தண்ணீருக்குள் நின்ற எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

இனிக் கலியாணம்.

எங்கள் பட்டறையில் பாய் தைப்பவள் துஷாந்தி. நிலாவெளிப் பிள்ளை. ஒரு மண்டபம் அகலத் துணியை நிலத்தில் விரித்து, அதன் நடுவே குழியில் இருக்கும் தையல் மெசினில் அமர்ந்து, ஊரையே இழுத்துத் தைப்பதுபோல் தைப்பாள். கனடாவிலிருந்து வந்த சிவபாலன் என்பவர் ஒரு பாய்ப்படகு வாங்கி எங்கள் பட்டறையில் விட்டிருந்தார். அவருக்கு ஒரு புது முன்பாய் வேண்டியிருந்தது. பாய் எப்படி வருகிறது என்று பார்க்க அடிக்கடி வந்தவர், கடைசியில் பாயை வாங்கிக்கொண்டு, தைத்தவளையும் தன் மருமகனுக்கு, அதாவது தங்கையின் மகனுக்கு, கேட்டார்.

மருமகன் நிரோசன், நகரத்தில் ஒரு வங்கியில் வேலை. அமைதியான பெடியன். "வடிவாத் துணி தைக்கிற பிள்ளை" என்று மாமா சொன்னதைக் கேட்டு, பெண் சட்டை தைப்பவள் என்று நினைத்துக்கொண்டான். போனில் கதைத்தபோதும், "இண்டைக்கு என்ன தைச்சனீங்கள்?" என்று கேட்பான், "வெள்ளைத் துணி" என்பாள். நேர்ஸ்மாருக்கு உடுப்புத் தைக்கிறாளாக்கும் என்று இவன் இருந்துவிட்டான்.

தை மாதம் கலியாணம். மண்டபம் உள்துறைமுகக் கரையில். அதற்குச் சொந்தமாக ஓர் இறங்குதுறையும் உண்டு. மற்ற மாப்பிள்ளைகள் காரில் வருகிறார்கள், குதிரையில் வருகிறார்கள், தன் மருமகன் பாய்விரித்துக் கடலால் வரவேண்டும் என்பது சிவபாலன் மாமாவின் ஆசை.

"தவம், நீரும் வந்து நில்லும்" என்றார் என்னிடம். "ஒண்டும் செய்யத் தேவையில்லை. பட்டு வேட்டியோட நிண்டால் போட்டோவுக்கு வடிவா இருக்கும்."

காலையில் படகுக்குப் போனால், பாய்மர உச்சியிலிருந்து மூக்குவரை நீளமான ஒரு செவ்வந்தி மாலை தொங்குகிறது. சும்மா கிடந்த ஓர் உதிரிக் கயிற்றில் கட்டி மாமாவே ஏற்றியிருக்கிறார். அது முன்பாயின் பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயா, இதை இறக்குங்கோ. பாய் சுருளேக்க இதையும் சேர்த்துச் சுருட்டும்" என்றேன்.

"சுருட்டிறதுக்கு முதல் கழட்டிப்போடுறன் தவம். டிரோனில வடிவா இருக்கும்."

டிரோன் என்றது படப்பிடிப்பாளன் கஜன் கொண்டுவந்த பறக்கும் கமெராவை. அதைவிட மாமா ஒரு பெரிய ஒலிபெருக்கியையும் கொண்டுவந்து, தன் போனில் நாதஸ்வரம் போட்டிருந்தார். ஆக, படகில் மாமா, மாப்பிள்ளை, கஜன், நான், நாதஸ்வரம்.

போனவிதம் அருமை. வாடைக்காற்று அளவாக வீசியது. துறைமுக வாயைத் தாண்டிக் கொட்டியார்க் குடாவுக்குள் வந்தோம். வெள்ளைப் பாய், செவ்வந்தி மாலை, நீலக் கடல், மேலே டிரோன். குறை ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை தலைப்பாகையோடு வாளிக்குள் குனிந்திருந்தான். கடல் அவனுக்கு ஒத்துவராது என்பதை மாமாவிடம் சொல்லப் பயந்து பேசாமல் வந்திருக்கிறான். அவனைக் கீழே அறைக்குக் கூட்டிப்போய், ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், கீறி மூக்கில் பிடித்தேன்.

அப்போது மேலே "டக்" என்று ஒரு சத்தம். பிறகு "கிர்ர்ர்" என்று இன்னொன்று. அந்தக் கிர்ர்ர் எனக்குத் தெரிந்த சத்தம். தேசிக்காயை மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டு மேலே ஓடினேன். மண்டபத்துக்குத் திரும்புவதற்காகப் பாயைச் சுருட்ட நினைத்த மாமா, சுருட்டுக் கயிற்றை விஞ்சில் போட்டு, இரண்டு கையாலும் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இறுகிப்போச்சு தவம். பலமா ரெண்டு சுத்துச் சுத்தினால் சரி."

"விடுங்கோ ஐயா! மாலை எங்க?"

"அதைக் கழட்டிட்டனே!"

கழற்றியிருந்தார்தான். கீழ் முனையை மட்டும். அவிழ்ந்த கயிறும் மாலையும் காற்றில் அலைந்து, பாய் சுருளும்போது அதோடு சேர்ந்து சுருண்டு, உச்சிச் சுழலிக்குள் போய்ச் சிக்கிவிட்டன. சுற்றவேண்டிய பாதியும் சும்மா இருக்கவேண்டிய பாதியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. பாய் பாதி சுருண்டு, மிச்சப் பாதி காற்றைக் குடித்து வயிறு ஊதியிருந்தது. சுருட்டவும் முடியவில்லை, விரிக்கவும் முடியவில்லை. படகு பாட்டுக்குத் தெற்கே, கட்டைபறிச்சான் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கலியாண மண்டபம் முதுகுப் பக்கம்.

"எஞ்சினைப் போடுவம்" என்று மாமா போட்டார். பாயை இழுத்துப் பிடிக்கும் இரண்டு பாய்க்கயிறுகளில் ஒன்று அதற்குள் தண்ணீரில் விழுந்திருந்தது. அது எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ள, எஞ்சின் ஓர் இருமல் இருமி நின்றது. நங்கூரத்தைப் போட்டார். கொட்டியார்க் குடாவின் நடுப்பகுதி எவ்வளவு ஆழம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், கனடாவில் தெரியாதுபோலும். நங்கூரம் அடியைத் தொடாமல் தன்பாட்டில் தொங்கிக்கொண்டு எங்களோடு வந்தது. இவ்வளவுக்கும் நாதஸ்வரம் நிற்கவில்லை. மாமாவின் போன் பதற்றத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. ஒலிபெருக்கியை நிறுத்தும் விதம் அவருக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கும் தெரியவில்லை.

மண்டபத்தில் இருந்த நஸ்ரின் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் சொன்னேன்.

"மிச்சம் சந்தோசம்" என்றார் மிஸ்.

நடுக்கடலில் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.

"தவம் அண்ணன், பாய்மரத்துல ஏறுறதுக்கு நினைக்கிறீங்களா?"

"வேட்டியை மடிச்சுக் கட்டிட்டன், மிஸ்."

"அவிழ்த்துவிடுங்க." சற்றுப் பொறுத்து, "மடிச்சதைச் சொன்னன்" என்றார். "பாய் இந்த மாதிரி அடிக்கக்குள்ள ஏறினா உங்களைத் தூக்கி எறியும். ஏற வேணாம். கண் ஒண்டு மேல இரிக்கே, அதை அனுப்புங்க."

கஜனின் டிரோன் உச்சிக்குப் போனது. அதன் படத்தைக் கஜன் மிஸ்ஸின் போனுக்கு அனுப்பினான். சுழலியின் இரண்டு பாதிக்கும் இடையில், வடையில் பருப்புப் பதிந்ததுபோல் செவ்வந்திப் பூ பதிந்திருந்தது. அதற்குள்ளே உதிரிக் கயிற்றின் ஒரே ஒரு சுற்று.

"ஒரு சுத்துத்தான்" என்றார் மிஸ். "விஞ்ச் போட்டு அதை இறுக்கியிரிக்கு. நான் சொல்றதை மட்டும் செய்ங்க. சுருட்டுக் கயிறை விஞ்சில இருந்து எடுங்க. எடுத்தாச்சா? உதிரிக் கயிறைத் தளர்த்தி விடுங்க. இப்ப முன்பாயைத் தூக்கிப் பிடிச்சிரிக்கிற கயிறு. அதை ஒரு கை அகலம் இறக்குங்க. ஒண்டரைக் கை இல்ல. ஒரு கை."

இறக்கினேன். பாயின் பாரத்தில் சுழலி ஒரு கை அகலம் கீழே வழுகியது, இறுக்கம் விட்டது. கொஞ்சம் பூ உதிர்ந்து வந்தது.

"இப்ப பாயைக் கால் சுத்து விரிங்க. நில்லுங்க. பாருங்க. பிறகு இன்னொரு கால் சுத்து."

மிஞ்சியிருந்த பாய்க்கயிற்றை நான் இழுக்க, சுருட்டுக் கயிற்றை மாமா கையால் மெல்ல விட, உருளை கால் சுற்றுச் சுற்றியது. கஜன், "வருது அண்ணை, கயிறு கழருது!" என்றான். கால்வாசி கழன்றிருக்கும். அப்போதுதான் அந்தச் செம்பருந்து வந்தது.

அது தன் வான்பரப்பில் ஓர் அந்நியன் நிற்பதைக் கண்டிருக்க வேண்டும். மேலே ஒரு வட்டம் போட்டது. காலை நீட்டிக்கொண்டு இறங்கியது. ஒரே அடி. டிரோன் தலைகீழாகப் புரண்டு, கடலில் விழுந்து, பச்சை விளக்கை எரித்துக்கொண்டே முங்கியது.

"ஐயோ! தாலிக்குப் பொன்னுருக்கின படமெல்லாம் அதுக்குள்ளயெல்லோ இருக்கு!" என்று கஜன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இனிமேல் உச்சி தெரியவில்லை. அண்ணாந்தால் வெயில் கண்ணைக் குத்தியது. கட்டைபறிச்சான் கரைத் தென்னைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியத் தொடங்கின. முன்னால் மீனவர் போட்ட வலை மிதவைகள். இந்த வேகத்தில் வலையையும் வாரிக்கொண்டு மணலில் ஏறினால், முகூர்த்தம் போவது ஒருபுறம், படகின் அடிக்கட்டையே போய்விடும். நான் கத்தியை எடுத்தேன். பாயை மூலையோடு வெட்டிவிட்டால் காற்றுப் போய்விடும். புதுப் பாய்தான். என்ன செய்வது?

"வெட்டும் தவம், வெட்டும்!" என்றார் மாமா, கண்ணைப் பொத்திக்கொண்டு.

"கத்தியை வையுங்கோ அண்ணை!"

குரல் கடலிலிருந்து வந்தது. ஒரு மீன்பிடிப் படகு அலையைக் கிழித்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்தது. அதன் மூக்கான அணியத்தில், மணப்பெண் அலங்காரம் முழுவதோடும், சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு துஷாந்தி நின்றாள். நெற்றிச்சுட்டி காதுப் பக்கம் போயிருந்தது. பின்னால் நஸ்ரின் மிஸ், கலியாணத்துக்கு உடுத்த உடுப்பின்மேல் தொலைநோக்கியோடு. மண்டப இறங்குதுறையில் மீன் கொடுக்க வந்த ஒரு மூதூர்க்காரரை அப்படியே மடக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"பிள்ளை, முகூர்த்தம் முடியப்போகுது!" என்று கத்தினேன்.

"தை மாசத்தில இன்னும் முகூர்த்தம் இருக்கு அண்ணை. இந்தத் துணி இன்னொருக்கா எடுக்க ஏலாது! அந்தப் பாயை வெட்டினால் எனக்குக் கலியாணம் வேண்டாம்!"

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கீழேயிருந்து ஏறி வந்தான். முகம் வெண்டிக்காய் நிறம். கையில் தேசிக்காய். தன் கலியாணம் வேண்டாம் என்று தன் பெண்ணே நடுக்கடலில் சொல்வதைக் கேட்டான். பாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நீங்கள் தைச்சது... இதுவோ?"

"ஓம்."

"முழுக்கவுமோ?"

"முழுக்க."

அவன் அண்ணாந்து அந்தப் பாயைக் கீழிருந்து மேல்வரை பார்த்தான். நேர்ஸ்மாரின் உடுப்பெல்லாம் அந்தக் கணத்தில் அவன் தலையிலிருந்து போயிருக்க வேண்டும். தேசிக்காயைக் கடலில் எறிந்துவிட்டு, "அண்ணை, எந்தக் கயிறு?" என்று என்னிடம் கேட்டான்.

பாய்க்கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, சுருட்டுக் கயிற்றை நான் எடுத்துக்கொண்டேன். மாமா எதையும் தொடக்கூடாது என்று மிஸ் உத்தரவு போட்டதால், அவர் பாய்மரத்தடியில் கைகட்டி நின்றார். மீன்பிடிப் படகு வெயில் முதுகில் படும் பக்கத்துக்கு ஒதுங்கியது. மிஸ் அதில் எழுந்து நின்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். படகு ஆட ஆட அவர் ஆடவில்லை. துஷாந்தி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கால் சுத்து. நில்லுங்க."

நின்றோம்.

"இன்னொரு கால். மாப்பிள்ளை, மெதுவா. அது பேங்க் கதவில்ல. நில்லுங்க. ஒரு பூ இரிக்கு... காத்து எடுக்கட்டும்... எடுத்திட்டு. கடைசிக் கால்!"

நிரோசன் உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தான். உச்சியில் "பொத்" என்று ஒரு சத்தம். உதிரிக் கயிறு விடுபட்டது. முழு மாலையும், கசங்கி நசுங்கி, மேலேயிருந்து நேராக வந்து சிவபாலன் மாமாவின் கழுத்தில் விழுந்தது. அதே நேரம் ஒலிபெருக்கியில் கெட்டிமேளம். கலியாணம் கட்டாமல் ஐம்பத்தெட்டு வயதுவரை இருந்த மனிதன். மாலையையும் மேளத்தையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு பயந்துபோய் நாலு பக்கமும் பார்த்தார்.

பாய் முழுதாக விரிந்து சடசடவென்று அடித்தது. அதைத் தூக்கிய கயிற்றைப் பழைய இறுக்கத்துக்கு ஏற்றினேன். உதிரிக் கயிற்றைப் பாய்மரத்தோடு ஒட்டக் கட்டினேன். பிறகு மாப்பிள்ளையிடம் சுருட்டுக் கயிற்றைக் கொடுத்தேன். ஒரு கையாலேயே இழுத்தான். அவ்வளவு பெரிய பாய் சுருள் சுருளாகப் போய் ஒடுங்கியது. வலை மிதவைகள் கல்லெறி தூரத்தில் இருந்தன.

மீன்பிடிப் படகுக்காரர் எங்களுக்குக் கயிறு எறிந்தார். இழுக்கத் தொடங்குமுன், "கலியாணத்துல பிரியாணியா?" என்று கேட்டார்.

"சைவம்" என்றாள் துஷாந்தி.

அவர் எஞ்சினைச் சற்றுக் குறைத்தார்.

"பாயாசம் இரிக்கு நானா. முந்திரிகை போட்டது" என்றார் மிஸ். எஞ்சின் மறுபடி ஏறியது.

வழியில் துஷாந்தியின் சித்தி போன் எடுத்து, தாலி கட்டுவதற்குமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாக வந்து இறங்குவது என்ன முறை என்று கேட்டிருக்கிறார். மிஸ் போனை வாங்கி, "ஒண்டா வரல்ல மாமி. ரெண்டு போட். நடுவுல கயிறு இரிக்கு" என்று விளக்கினார்.

இறங்குதுறையில் ஐயர் கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் காலைக் கழுவ வந்த தோழன், அது ஏற்கெனவே உப்புத்தண்ணீரில் கழுவப்பட்டிருப்பதைக் கண்டு, செம்பை அப்படியே வைத்துவிட்டான். எல்லாமே ஓட்டத்தில் நடந்தது. கூறைச் சேலை மாற்றப் போன பெண் ஓடிப்போய் ஓடி வந்தாள். முகூர்த்தத்தின் வாலைப் பிடித்துத் தாலி ஏறியது.

சாப்பாட்டுப் பந்தி முடியும் நேரம். மாமா கழுத்து மாலையைக் கழற்ற மறந்துபோய் விருந்தினரை உபசரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். மூதூர்க்காரர் மூன்றாவது பாயாசத்தில் இருந்தார். துஷாந்தி எழுந்து என்னிடம் வந்தாள்.

"அண்ணை, பாயின்ர தலைப்பக்கம் கிழிஞ்சிருக்கோ?"

"ஒரு விரல் நீளம், பிள்ளை. உதிரிக் கயிறு அறுத்திருக்கு. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு அது ஒரு முழமாயிடும்" என்றாள். எந்த உறவுக்காரருக்கும் விளங்குவதற்குள் கூறைச் சேலையோடு இறங்குதுறைக்கு நடந்தாள். சித்தி "எங்க போறாய்?" என்று கேட்க, "பாய் தைக்க" என்றாள். சித்தி மற்றப் பெண்களிடம் திரும்பி, "முதலிரவுக்குப் பாய் தைக்கப் போறாளாம்" என்று அதிர்ந்துபோய்ச் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் பட்டறையிலிருந்து அவள் தையல் பெட்டியைக் கொண்டுவந்தேன். பாயை இறக்கிப் படகின் மேல்தளத்தில் மடித்துப்போட்டோம். துணி நழுவாமல் இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கேட்காமலே நிரோசன் வந்து படகில் ஏறினான். கட்டியிருந்த படகுதான், ஆனாலும் சிறிது ஆடியது. அவன் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

துஷாந்தியின் கை நிறைய மருதாணியும், விரல் முழுக்க மோதிரமும், மணிக்கட்டு முழுக்கக் காப்பும். ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். காப்புகள் சரிந்து வந்து விழுந்தன. மறுபடி பார்த்தாள். முடியவில்லை.

"உங்களைத்தான். கண்ணைத் திறவுங்கோ. நூல் கோர்க்கவேணும்."

"போட் ஆடுதே."

"ஆடத்தான் செய்யும். போட்டைப் பார்க்காதேங்கோ. ஊசியைப் பாருங்கோ."

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதையும். நூலின் முனையை வாயில் வைத்து நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படகு ஒரு பக்கம் சரிந்து நிமிரும் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தான். முதல்முறை தவறியது. இரண்டாம்முறை தன் விரலில் குத்திக்கொண்டான். மூன்றாம்முறை, "கோர்த்திட்டன்!" என்று அவன் போட்ட சத்தத்தில் கரையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாலி கட்டும்போதுகூடத் தலைகுனிந்து அடக்கமாக இருந்த துஷாந்தி வாய்விட்டுச் சிரித்தாள். ஊசிக்குக் கை நீட்டினாள்.

"பொறுங்கோ" என்றான் நிரோசன். "முதல் தையல் எப்பிடிப் போடுறதெண்டு காட்டுங்கோ. நான் போடுறன்."